இடப்பக்க வளைவில் இறங்கிய முள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் தங்கை ராலி பந்தயங்களில் கார் ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன். மற்ற நாட்களில் அவள் மல்லேஸ்வரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். எனக்கு ஒரு தொழிற்சாலையில் பம்ப் சோதிக்கும் வேலை. கார், இரண்டு கதவுள்ள பழைய சின்ன வண்டி. அடுகோடிப் பகுதியில் ஒரு நண்பரின் ஷெட்டில் வைத்து அதன் இன்ஜினை நானே பிரித்துக் கோத்திருந்தேன். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றும் பொருத்தினேன்.

"இன்ஜினுக்கு பி.பி. பாக்குறியா?" என்று கிண்டல் செய்தாள்.

ஒருவகையில் அப்படித்தான். இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கை உரசிக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. பம்ப் அதை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்பத் தவறினால் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டி சந்தாபுராவைத் தாண்டி, தைலமரத் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தது. மதியம்வரை எங்கள் பிரிவில் நாங்கள்தான் முன்னால். கடைசிக் கட்டத்தில் ஒரு நீண்ட இடப்பக்க வளைவில் மீட்டரின் முள் சரிந்தது. நேர்ப்பாதைக்கு வந்ததும் ஏறியது. அடுத்த இடது வளைவில் மறுபடி சரிந்தது.

"பிரஷர் விழுது" என்றேன்.

"எவ்ளோ?"

"லெஃப்ட்ல பூஜ்யம் கிட்ட போகுது."

"நேர்ல வந்துடுதில்ல?"

"வருது. ஆனா முன்ன மாதிரி இல்ல."

அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தான்ணா. நீ கோத்த இன்ஜின், நீயே சொல்லு. போலாமா, நிறுத்தட்டுமா?"

ஒரு பெண் ஓட்டுகிறாள் என்று காலையில் சிரித்தவர்கள் முடிவெல்லையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் முதலாவதாகப் போய் நிற்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"நிறுத்து" என்றேன்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். வண்டி உருண்டுபோய் ஓரமாக நின்றது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைக் கடந்தன. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மீட்டர் தப்பா இருந்தா?" என்று கேட்டாள்.

மறுநாள் இருவரும் லீவு போட்டு, வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். வடித்த எண்ணெயில் மினுமினுப்பாக உலோகத் துகள்கள் மிதந்தன. இரண்டாவது பேரிங்கைக் கழற்றினேன். சாம்பல் நிற மேல்பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை, அது தப்பித்துவிட்டது.

"இது இன்னும் எவ்ளோ தூரம் தாங்கியிருக்கும்?"

"தெரியல. எல்லை வரைக்கும் போய்ச் சேந்திருக்கலாம்கூட."

"அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் நீ" என்றவள், சட்டென்று சிரித்துவிட்டாள்.

முள் சரிந்த காரணம் அவள் கையாலேயே புரிந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியைக் கழற்றி வைத்திருந்தோம்; அதில் தண்ணீர் ஊற்றி, அந்த வளைவில் வண்டி போனதுபோல் சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் முழுக்க வலது சுவரில் ஏறிக்கொண்டது. பம்பின் உறிஞ்சும் குழாய் வந்து நிற்கும் இடம் காலியாகிவிட்டது. எண்ணெய் தேவையான அளவுக்கு இருந்திருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை. அன்று போட்டிருந்த புது டயர்கள் நன்றாகப் பிடித்ததால் அவள் வளைவுகளை முன்பைவிட வேகமாக எடுத்திருந்தாள். தொட்டிக்குள் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்து, புது பேரிங் போட்டோம்.

அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தோம். பரிசு வாங்க என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையேறினாள். அந்தச் சின்னக் கோப்பையை டி.வி. மேல் வைத்தாள். ஒரு வாரம் போவதற்குள் அம்மா அதில் சேஃப்டி பின்களைப் போட்டு வைத்துவிட்டாள்.