திருப்பக் கூடாத பனியன்

அன்புசெல்விக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் "சாப்பிட வாங்க" என்பவள், கோபம் வந்துவிட்டால் "ஏனுங்க, தயவு பண்ணி எந்திருச்சுச் சாப்பிட வர்றீங்களாங்க" என்பாள். டி-ஷர்ட்டையும் பனியன் என்றே சொல்லும் திருப்பூரில், வேலம்பாளையத்தில் அவர்கள் நடத்தும் பனியன் கம்பெனியின் நாற்பது பேருக்கும் இது தெரியும். அக்காவின் வாயில் மரியாதை ஏற ஏற, அவரவர் தலை மிஷினை நோக்கி இறங்கும். வெளிநாடு சுற்றப் போன கப்பலில் இருந்த பத்து நாளில் புருஷன் வேலுமணிக்கு அவள் கொடுத்த மரியாதையை மட்டும் எடை போட்டிருந்தால், பதினாறு மாடிக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஸ்பெயின் தேசத்தில் பாதி முழுகியிருக்கும்.

அந்தக் கோபத்துக்கு இருபத்தேழு வயது. அவள் பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி வீட்டுப் பெண், கணக்கில் பட்டம் வாங்கினவள். கல்யாணமான மூன்றாம் நாள் ஊட்டிக்குப் போனார்கள். படகுத்துறையில் அவர் தன் கையைப் பிடிப்பார் என்று புதுப்பெண் காத்திருந்தாள். அவர் படகோட்டியின் பனியன் விளிம்பைப் பிடித்தார். "இது ஆரு தெச்சதுங்க? மடிப்புத் தையல் இளகிக் கெடக்குது பாருங்க" என்று உள்பக்கத்தைத் திருப்பப் போக, அந்த மனிதன் பயந்துபோய் ஏரியில் விழுந்தான். மூன்று ஆள் ஆழம் என்று பொங்கலூரில் இன்றும் சொல்கிறார்கள். முழங்கால் ஆழம்தான். ஆனால் விழுந்தது நிஜம்.

அதற்கப்புறம் அவர் திருப்பிப் பார்க்காத பனியன் கொங்கு நாட்டில் இல்லை. பழனி மலையேறும்போது முன்னால் போகிறவரின் பனியன், மகள் தரணி பட்டம் வாங்கிய மேடைக்குக் கீழே நின்ற போட்டோக்காரரின் பனியன். பெரியப்பாவின் இழவு வீட்டில், குளிப்பாட்டி மாட்டிவிட்ட புதுப் பனியனின் கழுத்துப் பட்டியைக்கூட இரண்டு விரலால் தடவி, "நல்ல நூலு" என்றார். பெரியம்மா அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த மனிதர்தான், "சித்த நேரம் வந்து ஒத்தாசை பண்ணு அம்மிணி" என்று அவளைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார். சித்த நேரம் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. செக்கிங் டேபிளில் குழல்விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பி, இழுத்துப் பார்த்து, பழுதான இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் கை படாமல் ஒரு பெட்டி கப்பலேறியது கிடையாது. பெட்டிகள் ஏறின. அவள் ஏறவில்லை.

அதனால்தான் சென்னையில் வேலை பார்க்கும் தரணி, ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ சுற்றிவரும் கப்பலுக்குச் டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது, அன்புசெல்வி முதலில் பூஜை அறைக் கதவைத் திறந்தாள். தீபாவளி முடிந்த மறுநாள். ஆட்களெல்லாம் மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிப் போய்விட, மிஷின் சத்தம் நின்ற ஊர் காது அடைத்தது போலக் கிடந்தது.

"கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. கப்பல் ஏறி எறங்கற வரைக்கும் எவன் பனியனையும் எந்தக் கடைப் பனியனையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கறதில்லைன்னு."

"பார்த்துட்டா?" என்றார் வேலுமணி, ஒரு வியாபாரியின் எச்சரிக்கையோடு.

"அன்னைக்கோட நான் செக்கிங் டேபிளை விட்டுட்டேன். சாமி முன்னால சொல்றேன்."

அவர் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். கை சுட்டது. சத்தியம் சுடவில்லை என்பது பார்சிலோனாத் துறைமுகத்திலேயே தெரிந்துவிட்டது.

கப்பலேறும் வாசலில் பெட்டிகளைப் படம் பிடிக்கும் மிஷின் ஒன்று கூவியது. நான்கு காவலர்கள் ஓடிவந்தார்கள். வேலுமணியின் பெட்டியிலிருந்து டபரா அளவில், அடியில் நான்கு பிளேடு வைத்த உருண்டை இரும்பு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்கிற கருவி, திருப்பூரில் ஜிஎஸ்எம் கட்டர் என்பார்கள்.

"இது ஏனுங்க நம்ம கூட டூர் வருது?"

"மறந்தாப்ல பெட்டியில கெடந்துருச்சு அம்மிணி."

"மறந்தாப்ல சாக்ஸுக்குள்ள திணிச்சு, அதை ரெண்டு துண்டுல சுத்தி வெச்சீங்களாங்க?"

காவலர்கள் அதைக் கைப்பற்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேலுமணி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கப்பலேறினார்.

கப்பல் கிளம்புவதற்குள் ஊர் பார்க்க இறங்கினார்கள். பார்சிலோனாவில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கும் தேவாலயத்துக்கு முன்னால் உலகமே அண்ணாந்து பார்த்தது. வேலுமணி மட்டும் முன்னால் நின்றவனின் முதுகைப் பார்த்தார். "பார்க்கத்தான் செஞ்சேன், திருப்பலையே?" என்று வக்கீல் போல வாதம் வேறு. மலாகாவில் கோட்டை பார்க்கப் போனார்கள். அவர் கோட்டைக்குக் கீழே கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரவுச் சாப்பாட்டில் பரிமாற வந்த பையனின் சட்டை நுனியை நோக்கி அவர் விரல்கள் தாமாக ஊர்ந்தன. அன்புசெல்வி முள்கரண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். விரல்கள் வீடு திரும்பின.

பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டிடம் இருக்கட்டும், கோட்டை இருக்கட்டும். லிஸ்பனில் மஞ்சள் டிராம் ஒன்று ஓடுகிறது, சந்து பொந்தெல்லாம் புகுந்து மலையேறுகிறது என்று படித்திருந்தாள். அதில் ஜன்னலோரம் புருஷனோடு உட்கார்ந்து போகவேண்டும். இருபத்தேழு வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். ஊட்டியில் தப்பிப்போன படகை லிஸ்பனில் பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

லிஸ்பனில் டிராமுக்கு நீள வரிசை நின்றது. "நீ நில்லு அம்மிணி. தண்ணி வாங்கிட்டு ஓடியாறேன்" என்று வேலுமணி போனார். ஒரு டிராம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்கு அவள்தான் முதல் ஆள் என்கிறபோது, எதிர்ச்சாரியில் ஒரு துணிக்கடை வாசல் கண்ணில் பட்டது.

வாசலுக்கு வெளியே, நடைபாதையில், தெருவைப் பார்த்தாற்போல ஒரு ஜோடி தோல் செருப்பு.

நம் ஊரில் பனியன் கம்பெனிக்குள் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. துணி கிடக்கிற இடம், அழுக்குப் பட்டால் பீஸ் போயிற்று. முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த மனிதர் போர்ச்சுகல் தேசத்திலும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் அந்தச் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்புசெல்வி வரிசையை விட்டு வெளியே வந்தாள். கடைக்குள் நேராகப் போய், துணி போட்டுப் பார்க்கும் அறையின் திரையை விலக்கினாள். உள்ளே வேலுமணி, ஒரு பனியனை உள்பக்கம் வெளியாக மாட்டிக்கொண்டு, டார்ச் எரியும் செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி அக்குளில் தையல் எண்ணிக்கொண்டிருந்தார். செல்போன் வாயிலிருந்து விழுந்தது.

"திருப்பிப் பார்க்கலை அம்மிணி. போட்டுப் பார்த்தேன்."

"உள்பக்கம் வெளிய தெரியற மாதிரிங்களா?"

"அவசரத்துல மாறிப்போச்சு..." என்று தொடங்கியவருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஒரு இஞ்சுக்குப் பதினாலு தையல் போட்டிருக்கான்! நம்ம பன்னெண்டுதானே போடறோம்!" முகமெல்லாம் வெளிச்சம். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

அதுதான் அவளைச் சுட்டது.

"ரொம்பச் சந்தோசமுங்க. நீங்க நிதானமா எண்ணிட்டு வாங்க. ஊருக்குப் போனதும் அந்த டேபிளுக்கு ஆள் பாருங்க."

வெளியே வந்தவள் அந்தச் செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி வரிசையில் நின்று, மஞ்சள் டிராமில் ஏறினாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பக்கத்து சீட்டில் செருப்புப் பையை வைத்தாள். யாரோ உட்கார வந்தபோது, "ஆளிருக்குதுங்க" என்றாள். டிராம் மலையேறியது. ஒரு சந்தில் வீட்டுச் சுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துபோயின. அவ்வளவு அழகையும் அவள் ஆத்திரத்தோடுதான் பார்த்தாள். ஆனாலும் ஒன்று விடாமல் பார்த்தாள். வேலுமணி லிஸ்பனின் உருளைக்கல் தெருக்களில் வெறுங்காலோடு துறைமுகம் வந்து சேர்ந்தார்.

அவள் மொராக்கோவின் காசாபிளாங்காவில் தனியாகவே இறங்கினாள். வேலுமணிக்குக் காலில் கொப்புளம். கடலை ஒட்டிய பெரிய மசூதியைப் பார்த்தாள், புதினாத் தேநீர் குடித்தாள், சந்தைக்குள் நடந்தாள். ஒரு கடையில் நீலப் பனியன் ஒன்று, நெஞ்சில் ஒட்டகம். கடைக்காரன் எடுத்து விரித்து, தரம் காட்டுவதற்காக உள்பக்கம் திருப்பப் போனான்.

"வேண்டாங்க! திருப்பாதீங்க!" என்று தமிழில் போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. காசாபிளாங்காக்காரனுக்கும் கொங்குத் தமிழ் புரிந்துவிட்டது.

அவனிடம் கத்தரிக்கோல் வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்திலும் பக்கத் தையலிலும் தடவித் தடவி, எந்த ஊரில் தைத்தது என்று சொல்லும் லேபிள்களை நறுக்கி அவன் குப்பைக்கூடையிலேயே போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, உள்பக்கம் பார்க்காமல் ஒரு பனியனை வாங்கினாள்.

ஊர் திரும்பியதும் கோபம் இறங்கிவிடும் என்று வேலுமணி கணக்குப் போட்டார். திங்கட்கிழமை மத்தியானம் மூன்று பீஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினார். கூடவே ஃபோர்மேன் கதிர்வேல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சும்மா ஒருக்காப் பாரு அம்மிணி. நாளைக்குப் பெட்டி போகோணும்."

நாலடி தள்ளி நின்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடு பீஸில், தோளிலிருந்து இடுப்புவரை, பழுதான ஊசி போட்ட மெல்லிய கோடு. "பழுது" என்கிற வார்த்தை வாய்வரை வந்தது. காப்பியைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

"கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க."

"அக்கா..." என்றான் கதிர்வேல். "உங்க எடத்துக்கு எத்தனை ஆளுங்கக்கா போடறது?"

"என் ஒருத்தி வேலைக்கா கண்ணு? மூணு பேரு. போட்டுட்டு, நடு பீஸுல இருக்கற கோட்டை அவங்களைப் பார்க்கச் சொல்லு."

கதிர்வேல் நடு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். முகம் வெளிறிற்று. மறுநாள் மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள்.

இப்போது அன்புசெல்வி தினமும் காலையில் சுடிதாருக்குமேல் அந்த ஒட்டகப் பனியனை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறாள். அதைத் தானே துவைத்து, நேர்ப்பக்கமாகவே உள்ளறையில் காயப்போட்டு, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். வேலுமணிக்குத் தூக்கம் போய்விட்டது. மொராக்கோவில் தைத்ததா, வங்கதேசத்தில் தைத்ததா, இல்லை, கடவுளே, நம்ம திருப்பூர் மண்ணரையிலேயே தைத்ததா?

"ஒரே ஒருக்காத் திருப்பிப் பார்த்துக்கட்டுங்களா அம்மிணி?" கெஞ்சும்போது அவருக்கும் மரியாதை வந்துவிட்டது.

"கற்பூரம் கொண்டாரட்டுங்களா?"

அவள் முன்னால் நடக்கிறாள். பத்தடி பின்னால், பனியனின் கீழ்மடிப்பிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, அவர் வருகிறார். காற்றடித்து விளிம்பு லேசாகத் தூக்கும்போதெல்லாம் எட்டி ஓடிவருகிறார். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. துப்பட்டாவை மட்டும் அந்த விளிம்பின்மேல் இழுத்து விட்டுக்கொள்கிறாள்.