அன்பரசன் வீட்டுச் சுவரின் நிறம்

அன்பரசன் என் தங்கை ஜெயலட்சுமியின் மகன். பேராவூரணிப் பக்கம். அவன் கட்டிக்கொண்ட சங்கீதா, என் ஓரகத்தியின் அண்ணன் மகள். அந்த வழியில் பார்த்தாலும் எனக்கு வேண்டியவள், இந்த வழியில் பார்த்தால் மருமகள். மீசை அரும்பிக்கொண்டிருந்த வயதில் சார்ஜாவுக்கு வந்தவன் அன்பரசன். ஏசிக்குத் தகரக் குழாய் மாட்டுகிற வேலை. சஜா பக்கம் கம்பெனி கேம்பில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் பஸ் பிடித்து ரோலாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான், ஏசியில் கொஞ்சம் தூங்குவான், போய்விடுவான்.

ஊரில் அவன் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் கட்டினான் என்பதைவிட சங்கீதா கட்டினாள் என்பதுதான் சரி. போனில் எங்கேயோ ஒரு அமெரிக்கா வீட்டைப் பார்த்துவிட்டாள். தாழ்வான ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு இறங்கும் மர வாரி, முன்னால் அகலமான தாழ்வாரம். அதைத் தாங்க நாலு தூண்கள், அடியில் கருங்கல் கட்டி, மேலே போகப் போகச் சிறுத்து. எஞ்சினியர் அதற்கு கிராஃப்ட்ஸ்மேன் மாடல் என்று பேர் சொன்னார். கொத்தனார் கடைசி வரைக்கும் அமெரிக்கா வீடு என்றுதான் சொன்னார். "என்ன கலரு அடிக்கிறதும்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சங்கீதா, "பூசி முடியட்டும், சொல்றேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தாள்.

பூச்சு வேலை முடிகிற சமயத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அன்பரசன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. காரியம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தான். என் முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிட்டான். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து தட்டின் ஓரத்தில் அடுக்கினான். நான் அழுதேன். அவன் அழவில்லை. "ரசம் இருக்கா பெரிம்மா?" என்று கேட்டான்.

அவன் மகள் தாமரைக்கு ஏற்கெனவே பரிசம் போட்டிருந்தது. மாப்பிள்ளை பேர் முகிலன், அறந்தாங்கிப் பையன். தாய் செத்த வீட்டில் கல்யாணம் என்றால் வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருஷம் ஆகாது. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். புது வீட்டிலிருந்துதான் பெண் புறப்பட வேண்டும். வீடோ சிமெண்டு நிறத்தில் நின்றது. பெயிண்டர் மூன்று கலர் கேட்டார். சுவருக்கு ஒன்று, தூணுக்கும் மர வாரிக்கும் ஒன்று, கதவு சன்னலுக்கு ஒன்று. தாமரை போனில் படம் படமாக அனுப்பினாள். அன்பரசன் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றான். மஞ்சளுக்கும் சரி, நீலத்துக்கும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் பத்மநாபன், ரோலாவில் ஒரு பெயிண்ட் கடையிலிருந்து கலர் அட்டைப் புத்தகமே வாங்கி வந்துவிட்டான். விரித்தால் விசிறி மாதிரி நீள்கிறது. சாப்பிட்ட பாயிலேயே அதைப் பரப்பினோம்.

"அண்ணே, இந்த நீலம் பாருங்க."

"வேணாங்க," என்றாள் மருமகள் பிருந்தா. "தூரத்துல இருந்து பாத்தா பெட்ரோல் பங்க்னு நெனச்சு வண்டியத் திருப்பிருவாங்க."

"அப்ப இந்த ரோஸு?"

"பல்லு கட்டுற டாக்டர் கிளினிக்."

"நீ ஒரு கலரச் சொல்லேன், தாயே!"

"நான் சொன்னா மட்டும் கேட்டுருவீங்களாக்கும். நம்ம பெட்ரூம் திரைய யாரு எடுத்தது?"

அன்பரசனும் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது.

அப்போது தாமரை வீடியோவில் வந்தாள். பின்னால் பூசின சுவர்.

"என்னப்பா, பாத்தாச்சா?"

"நீயே ஒண்ணு சொல்லிருடா. நீதான இருக்கப்போற."

"நான் எங்க இருக்கப்போறேன்? கல்யாணம் முடிஞ்சா அறந்தாங்கி. இது நீங்க வந்து இருக்கப்போற வீடுப்பா. அம்மா சொல்லாமப் போயிருச்சு. நீங்களாச்சும் ஒண்ணு சொல்லுங்க. யாரையும் கேக்காம, உங்களுக்குப் புடிச்சது. இல்லேன்னா சிமெண்டு சுவரோடயே கல்யாணம் நடக்கட்டும். நான் பெயிண்டரத் திருப்பி அனுப்பிடுறேன்."

பிள்ளை மிரட்டவில்லை. குரல் இறங்கித்தான் இருந்தது. அப்பன் அந்த வீட்டில் இருக்க வருவானா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள் என்று எனக்குப் பட்டது. அன்பரசன் அட்டையை வாங்கினான். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே போனான். கீழே மணல் மாதிரி ஒரு நிறத்தில் விரல் நின்றது. அதற்குப் பேர் இல்லை, நம்பர்தான்.

"இது."

"நல்ல கலருண்ணே," என்றான் பத்மநாபன். "தூசி படிஞ்சாலும் தெரியாது."

எங்கள் எல்லோருக்கும் அது நல்ல நிறமாகத்தான் தெரிந்தது. இங்கே கிடப்பவர்களுக்குக் கண் அதற்குத்தானே பழகியிருக்கிறது. நம்பரைக் கேட்டதும் தாமரை முகம் தெளிந்துவிட்டது. அப்பா ஒன்று சொல்லிவிட்டார், அது போதும் அவளுக்கு.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. ஓவர்டைம் என்றான். சாயங்காலம் கோழிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பத்மநாபன் காரில் கேம்புக்கே போனோம். நான் முன் சீட்டிலேயே இருந்தேன். அன்பரசன் வேலைச் சட்டையோடு வெளியே வந்து, காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்று தூக்கை வாங்கிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தாமரை.

"அப்பா, மொதக் கோட்டு அடிச்சாச்சு. பாருங்க!"

போனை நீட்டிப் பிடித்து எனக்கும் காட்டினான். பெரிய படத்தில் வீடு. மூலையில், தபால்தலை அளவுக்கு, சாய்ந்து நிற்கிற இவன். இரண்டு படத்திலும் ஒரே சுவர்.

எனக்குத் தெரிந்தது. பத்மநாபனுக்கும் தெரிந்திருக்கும், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, உங்களுக்குப் பின்னாடி என்னது?"

"கேம்பு சுவருடா."

"திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தான். உள்ளங்கையை அதில் வைத்தான். "ஆமா," என்றான். அவ்வளவுதான்.

"அம்மா தெனமும் போன்ல இந்தச் சுவரத்தான்ப்பா பாத்துக்கிட்டு இருந்துச்சு," என்றாள் தாமரை.

பத்மநாபன் கண்ணாடியை இறக்கினான். "தாமர, ஒண்ணும் ஆகல. ரெண்டாவது கோட்டுல மாத்திரலாம். பெயிண்டரக் கூப்பிடு."

"இருங்க சித்தப்பா. அப்பா சொல்லட்டும்."

அங்கே பெயிண்டர், "டப்பா தொறந்து காயுது தங்கச்சி, அடிக்கவா வேணாமா?" என்று கத்துவது கேட்டது. கேம்பு பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அன்பரசன் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

"தூணக் காட்டு," என்றான்.

சங்கீதா போன பிறகு, அந்த வீட்டில் ஒன்றைக் காட்டு என்று அவன் கேட்டது அன்றைக்குத்தான். தாமரை போனைத் திருப்பினாள். நாலு தூணும் இன்னும் சிமெண்டாகவே நின்றன.

"சுவரு அப்படியே இருக்கட்டும். தூணுக்குக் கரும்பச்சை அடிக்கச் சொல்லு. மர வாரிக்கும் அதே. சன்னலுக்கும்."

"கரும்பச்சையா? அம்மா அப்படி ஏதும் சொல்லிச்சா?"

"இல்லடா. கேம்புல அந்தக் கலரு எங்கயும் கெடையாது."

தாமரை பெயிண்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தூணுக்குக் கரும்பச்சை!" என்று அங்கே குரல் கொடுத்தாள். அன்பரசன் போனைப் பையில் போட்டான். "கொழம்பு ஆறுது பெரிம்மா, நான் போறேன்," என்று தூக்கோடு உள்ளே போனான்.

வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் நல்லபடி முடிந்தது. முடிந்ததும் வந்து டூட்டியில் சேர்ந்துவிட்டான். எப்போது ஊரோடு போவாய் என்று கேட்டேன். "போகணும் பெரிம்மா," என்றான். வீடு எப்படி இருக்கிறது என்றதற்கு, "நல்லாருக்கு. தூசி தெரியல," என்றான்.

பிருந்தா அவன் போனை வாங்கி கல்யாணப் படங்களை எனக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒன்றில் அவன் தனியாக, பட்டு வேட்டியில், சுவரில் சாய்ந்து நிற்கிறான். பக்கத்தில் அந்தப் பச்சைத் தூண் மட்டும் இல்லையென்றால், கேம்பு வாசலில் எடுத்த படம் என்றே நினைத்திருப்பேன்.