காது சூடா இருக்கா

ஆடுகளுக்கு முடி வெட்டுன மறுநாளு எங்க பட்டிப் பக்கம் போகவே எனக்கு மனசு வராது. நேத்து வரைக்கும் மெத்தை மாதிரி கெடந்த செம்மறிக, இன்னைக்கு விலா எலும்பு தெரிய வெடவெடன்னு நிக்கும். மலை மேல இருக்குற எங்க பூண்டியில சித்திரை வெயிலையும் நம்ப முடியாது. காலையில சுள்ளுன்னு அடிக்கும், மத்தியானம் பனிமூட்டமா மஞ்சு எறங்கிரும். அதுக்குப் பயந்துதான் போன வருசம் முடி வெட்டுறதுக்கு முந்தியே ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் போட்டோம்.

அதுக்கு வந்த ஆளு ஒவ்வொரு ஆட்டுக் காதுலயும் நம்பரு போட்ட மஞ்சள் வில்லையைக் குத்திவிட்டாரு. "மழை, குளிருன்னு செத்தா பணம் வரும்க்கா. டாக்டரு அறுத்துப் பாத்து எழுதித் தரணும். வில்லையைக் காதோட அறுத்துக் கொண்டாரணும். நீங்களா எதையாச்சும் பண்ணி ஆடு செத்தா ஒண்ணும் கெடைக்காது"ன்னாரு. நான் சரி சரின்னு தலையாட்டிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரரு ஒரு சொல்லு விடாம கேட்டுக்கிட்டு இருந்தாரு.

முடி வெட்டி ரெண்டு நாளு ஆகலை, ஆலங்கட்டி மழை பிடிச்சுக்கிருச்சு. பட்டி மேல போட்டிருந்த தகரத்தைக் காத்து பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஓடிப் போயிப் பாத்தா ஆடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குதுக. ஒரு சினை ஆடு முழங்காலு போட்டிருச்சு. காதைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. காது குளுந்துட்டா ஆடு தாங்காதுன்னு மாட்டு டாக்டரு சொல்லியிருந்தாரு.

"ஏங்க, வெரசா வாங்க, பூண்டுக் கொட்டகையில அடைச்சிருவோம்"னு கத்துனேன். பூண்டை உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டு, கீழ நெருப்புப் போட்டுப் புகை காட்டுற கொட்டகை அது. அந்த மழையில சூடு இருந்த ஒரே எடம் அதுதான்.

அவரு அசையலை. "புகையில மூச்சுமுட்டிச் செத்தா டாக்டரு புகைன்னுதான் எழுதுவாரு. ஒத்தப் பைசா வராது. இங்கயே கெடந்து செத்தா குளிருன்னு எழுதுவாரு."

அப்பத்தான் பாத்தேன், அவரு இடுப்புல பூண்டுத் தாளு அறுக்குற கத்தி. "இது எதுக்குங்க?"ன்னேன். அவரு ஆட்டுக் காதுகளைப் பாத்தாரு.

ஆத்தாடி! "உசுரோட நிக்கையிலயே காதறுக்கக் கத்தியைச் சொருகிட்டு வந்தீங்களா? நீங்கள்லாம் மனுசந்தானா?"ன்னு கேட்டுட்டேன். அவரு சொன்னதும் பொய்யில்லை. ஆடும் போயி பணமும் வரலைன்னா அடுத்த வெள்ளாமைக்கு வெதைப்பூண்டு வாங்க நாதியில்லை. அது தெரிஞ்சுதான் சினை ஆட்டைக் கொட்டகைக்கு இழுத்தேன். ஒண்ணு போனா மத்தது பின்னாடியே வரும், வந்துச்சுக.

உள்ள நெருப்பைக் கலைச்சு, தணலு மேல சாம்பலை அள்ளிப் போட்டேன். அப்படியும் புகை அடங்கலை. மழை அமுக்குனதுல வெளிய போக வழியில்லாம கீழயே சுத்துச்சு. ஆடுக ஒண்ணொண்ணா இரும ஆரம்பிச்சுச்சு. எனக்குக் கண்ணு தெரியலை. சினை ஆடு பொத்துன்னு தலையைச் சாச்சிருச்சு. அய்யோ, என் கையாலயே கொன்னுட்டேனேன்னு அழுதேன்.

வாசல்ல அவரு. கையில கத்தி. நேரா எங்களைப் பாத்துத்தான் வந்தாரு. நான் ஆட்டு மேல விழுந்து வில்லை இருந்த காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன். "வேணாங்க, இன்னும் சாகலைங்க!"

அவரு என்னையத் தாண்டிப் போயி, பின்பக்கம் சுவருக்குப் பதிலாக் கட்டியிருந்த தார்ப்பாயை மேலருந்து கீழ வரைக்கும் கிழிச்சாரு. புகை குபுகுபுன்னு அந்தப் பக்கம் ஓடுச்சு. இருமிக்கிட்டே கேட்டாரு, "காது சூடா இருக்கா, பாரு."

என் கைக்குள்ள காது லேசாச் சூடேறியிருந்துச்சு.

ஒரு ஆடும் சாகலை. சினை ஆடு குட்டி போட்டுருச்சு, குட்டிக்கும் இந்த வருசம் வில்லை குத்தியாச்சு. மனுசந்தானான்னு அன்னைக்கு நான் கேட்டதைப் பத்தி நானும் பேசலை, அவரும் பேசலை. ஆனா மஞ்சு எறங்குனா எங் கண்ணு மொதல்ல ஆட்டைத் தேடுறதில்லை. அவரு இடுப்பைத்தான் பாக்குது.