தங்கப் பல்லியும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும்

இன்று காலை எதிர்க்கடை எத்திராஜின் புதுப் பையைப் பார்த்ததும் தெருவே அதிரக் கத்தினேன். என் பட்டுக்கடைப் பையில் இருக்கும் அதே தங்கப் பல்லி!

“இன்னாபா எத்திராஜு, என் பல்லியத் தூக்கிக்கினியா? காப்பிரைட் கேஸ் போட்டா கடைய மூடிக்கினு போவணும்!”

“கோயில்ல ஊரே தொட்டுக் கும்புடற பல்லிபா அது. உன் சொத்தா?”

சட்டத்தில் நான் புலி என்பது உங்களுக்கே தெரியும். பையை நீட்டினேன். “பாரு, வட்டத்துக்குள்ள ‘ஆர்’ போட்டுக்கிறேன். ரிஜிஸ்டர்!”

என்னிடம் புடவை எடுக்க வந்திருந்த வக்கீலம்மா குறுக்கிட்டார். “கடைச் சின்னத்துக்கு டிரேட்மார்க், வரைஞ்ச படத்துக்குத்தான் காப்பிரைட். ஆமா, எங்க பதிவு பண்ணீங்க?”

“பை அடிக்கிற பிரஸ்ஸுலதாம்மா. எடுப்பா இருக்குதுன்னு போட்டாங்க.”

“பதிவு பண்ணாம ‘ஆர்’ போட்டா குத்தங்க. ரெண்டு பேருக்கும்தான்.”

எத்திராஜ் தன் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பாவம், அந்த ‘ஆர்’ஐக்கூட விடாமல் காப்பியடித்திருந்தார்!

மதியம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, பத்தாயிரம் பைகளில் (குறைத்துத்தான் சொல்கிறேன்) ‘ஆர்’ஐக் கறுப்பு மையால் மறைத்தோம். இப்போது பல்லியின் வாய்க்கு நேரே ஓர் ஈ உட்கார்ந்திருப்பதுபோல் அத்தனை அழகு.

அந்த ஈ என் கற்பனை என்கிறேன் நான். தன்னுடையது என்கிறார் எத்திராஜ். சட்டம் படித்தவர்களே, சொல்லுங்கள், ஈ யாருக்கு?