ஓரம் வெட்டாத படம்

அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களும் ஸ்லைட்களும் எங்கள் அலுமாரியில் இரண்டு பிஸ்கட் ரின் நிறைய இருந்தன. அவர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை பார்த்தவர். லீவு நாளென்றால் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அவர் காலமான பிறகு அந்த ரின்களை யாரும் திறக்கவில்லை. போன மாரிக்குப் பிறகு நான் ஒன்றைத் திறந்தபோது வினாகிரி போலப் புளித்த மணம் வந்தது. சில நெகட்டிவ்கள் வளையத் தொடங்கியிருந்தன.

கனடாவில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். “கொழும்புக்கு அனுப்புங்கோ அக்கா. பெரிய இடங்களில நல்லாச் செய்து குடுப்பாங்கள்” என்றான்.

அம்மா சம்மதிக்கவில்லை. “வழியில துலைஞ்சா ஆரைக் கேக்கிறது? இதெல்லாம் போனா போனதுதான்.”

ஆகவே ஊரிலேயே வழி தேடினேன். டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் ஸ்கானர் இருந்தது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மெஷின் ஒன்றை இரவல் தரத் தயாராக இருந்தார். மூன்றாவதாக, என்னோடு படிப்பிக்கும் விஞ்ஞான டீச்சர், கமராவாலேயே நெகட்டிவைப் படம் எடுக்கலாம் என்றார். கிண்ணியாக்காரர், விடுமுறையில் பறவைகளைப் படம் பிடிப்பவர். நான் கணக்கு டீச்சர். ஒன்றைத் தெரிவு செய்வதென்றால் ஒப்பிட்டுப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. ஒரே நெகட்டிவை மூன்று வழியிலும் செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தேன்.

இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. அதன் பிரதி எங்கள் அல்பத்திலும் இருந்ததால் ஒத்துப் பார்க்க வசதி. சின்ன மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது; ஆனால் ஆட்களின் முகமெல்லாம் கரிக்கட்டை. ஸ்ரூடியோவில் துப்புரவாகத்தான் செய்து தந்தார்கள். அல்பத்தில் இருப்பது அப்படியே வந்திருந்தது. அதையே எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

இருந்தாலும் டீச்சருக்குச் சொன்ன சொல் இருந்தது. சனிக்கிழமை காலை அவர் கமராவோடும், ஒரு கிளினிக்கில் கழித்துவிட்ட எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியோடும் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் படுக்கவைத்து, கமராவை நேர்கீழாகப் பார்க்கும்படி பூட்டினோம். முதல் படம் அதிர்வில் கலங்கிப் போனது. ஃபானை நிறுத்தினோம். குசினிக்குள் தேங்காய் துருவிய அம்மாவையும் நிறுத்தச் சொன்னோம். வியர்த்து வழிந்தபடி எடுத்த அடுத்த படம் ஊசி முனைபோலத் தெளிவாக வந்தது. அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, கறுப்பை வெள்ளையாக மாற்றினார் டீச்சர்.

“டீச்சர், இந்த ஓரத்தில ஒரு பொம்புள நிக்கிறாங்களே, இது ஆரு?” என்று என்னைக் கேட்டார்.

அல்பத்தில் இருந்ததெல்லாம் ஆண்கள். இங்கே இடது கோடியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குதிக்காலை மணலில் ஊன்றி, வலைக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தபடி ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“இது நானெல்லோ!”

கலியாணம் முடிந்த புதிதில் அப்பாவோடு மீன் வாங்கப் போனவராம். “ஒரு கை பிடிச்சுப் பாருங்கோவன் தங்கச்சி” என்று வலைகாரர் பகிடி விட, அம்மா உண்மையிலேயே கயிற்றைப் பிடித்து, வலை கரையேறும்வரை விடவில்லையாம்.

“படம் கழுவி வந்து பாத்தா நான் இல்லை. எல்லாரையும் எடுத்தீங்கள், என்னை மட்டும் விட்டிட்டீங்கள் எண்டு எவ்வளவு நாள் கதைக்காம இருந்தனான் தெரியுமே? எடுத்தனான், எடுத்தனான் எண்டு மனுசன் தலையில அடிச்சுச் சொன்னவர். நான் நம்பேல்ல.”

“தாளுக்கு அளவாக்கிறதுக்கு ஓரத்த வெட்டிருப்பாங்க அம்மா. மெஷினிலயும் ஸ்கானரிலயும் நெகட்டிவ வைக்கிற சட்டமும் ஓரத்த மறைக்கும். இதில மட்டும்தான் முழுசா வருது” என்றார் டீச்சர்.

“வெட்டினது அவங்கள், பேச்சு வாங்கினது என்ர மனுசன்!” அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

அன்றைக்கே தம்பியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம். “அம்மா, நீங்கள் இவ்வளவு பலசாலியே?” என்றான்.

“பின்ன? பங்கு மீனும் தந்தவங்கள். பெரிய பாரை ஒண்டு.”

அதற்கு மேல் தெரிவு செய்ய ஒன்றுமில்லை. மற்ற இரண்டையும்விட இது மெதுவான வேலை. தூசி தட்டி, மட்டம் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு படம் திரையில் விரியும்போதும் அம்மா பக்கத்தில் இருக்கிறார். ஸ்லைட்களில் நிலாவெளிக் கடலின் நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. ஆளைத் தெரிந்தால் கதை சொல்கிறார். தெரியாவிட்டால் உடுப்பைப் பற்றியாவது ஒரு கருத்துச் சொல்லாமல் விடமாட்டார்.

இரண்டாவது ரின்னில் பாதி இன்னும் கிடக்கிறது. மேசை கமராவுக்குப் போய்விட்டதால் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். போன சனிக்கிழமை டீச்சர் தன்னுடைய வாப்பாவின் நெகட்டிவ்களையும் ஒரு பையில் கொண்டுவந்தார். முதலில் யாருடையதைச் செய்வது என்று கேட்டேன்.

“வாப்பாவின்ரயைப் போடுங்கோ பிள்ளை,” என்று கதிரையை இழுத்துப் போட்டார் அம்மா. “எங்கட முகங்களையே பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு.”