ரெஸ்யூமின் தலையில் ஒரு தாலுகா

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும், திரும்ப வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் மறைமலைநகர் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். குழந்தை பிறந்ததும் விட்டேன். அப்புறம் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளித் தள்ளி இவ்வளவு காலம் ஓடிவிட்டது. இப்போது மகளுக்கு நான் தேவைப்படுவது டிபன் பாக்ஸ் கட்டுவதற்கும், சார்ஜரைக் காணோம் என்றால் என்னிடம் கத்துவதற்கும்தான். பகலெல்லாம் செம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்து கீரைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்ததில், ஒரு காலத்தில் ஆடிட்டரையே கேள்வி கேட்டு மடக்கியவள் நான் என்பது எனக்கே சந்தேகமாகிப் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பல்லாவரத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. கணக்குப் பிரிவுக்கு ஆள் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், ஐந்தரைக்கு விட்டுவிடுவார்கள், நடுவில் சில வருடம் வேலையை விட்டவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது. எதிரில் ஒரு தடவை உட்கார வைத்தால் போதும், மற்றதை நான் பேசிச் சமாளித்துவிடுவேன். இன்டர்வியூவுக்கு வாருங்கள் என்று ஒரே ஒரு போன் வர வேண்டும், அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அது வீட்டுக்காரர் காதில் விழுந்து தொலைத்தது.

என் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டில் அரசு அலுவலக வேலை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் காகிதம் என்றால் மனு ஒன்றுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று எங்கள் குடியிருப்புக்காக அவர் எழுதுகிற மனுவைப் படித்தால், விளக்கு எரியாததற்கு நாமே மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கும். “ரெஸ்யூம்தானே? ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு பிடி பிடிச்சிடறேன்” என்றார்.

பிடித்தார். உச்சியில் நட்ட நடுவே பிள்ளையார் சுழி. அதன் கீழே ரெஸ்யூம் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதற்கும் கீழே கோடு போட்ட ஒரு கட்டம். கட்டத்தின் இடது பக்கம் கணவர் பெயர், கணவர் பதவி, கணவர் கைபேசி எண். பிறகு எங்கள் முகவரி: பிளாக், கதவு எண், தெரு, கோயிலுக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், அஞ்சல், வழி தாம்பரம், தாலுகா, மாவட்டம், பின்கோடு. வலது பக்கம் என் புகைப்படம். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. மற்றவர்களையெல்லாம் வெட்டி எடுத்தும் என் தோளில் யாருடைய கையோ மிச்சம் இருந்தது.

“என் பேர் எங்கங்க?” என்று கேட்டேன்.

“பேர் ஒவ்வொரு பக்கத்துலயும் வரணும். நாளைக்கே காகிதம் தனித்தனியா கழண்டு போச்சுன்னா?” என்று சொல்லி, எல்லாப் பக்கத்துக்கும் உச்சியில் தானாகவே வருகிற, ஹெடர் என்கிற அந்த ஓரப் பட்டையில் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டார். பக்கத்திலேயே என் எண்.

“அது சரி, என் வேலைக்கு உங்க நம்பர் எதுக்கு, அதுவும் முதல்ல?”

“நீ சமையல்கட்டுல இருந்தா போன் எடுக்க மாட்ட. பொறுப்பான ஆள் நம்பர் ஒண்ணு வேணாமா? கணவர் பேரு இல்லாத அப்ளிகேஷனை எந்த ஆபீஸ்லம்மா வாங்குவான்?”

நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பார்க்க அமர்க்களமாகவே இருந்தது. பல்லாவரத்துக் கம்பெனியின் இணையதளத்தில் ஏற்றினோம். கோப்பிலிருந்தே உங்கள் விவரங்களை எடுத்து நிரப்பிவிட்டோம், சரிபார்க்கவும் என்று திரையில் வந்தது. “கம்ப்யூட்டரே நிரப்பிடுச்சு, அப்புறம் நாம என்னத்த பார்க்கறது” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்து, அடுத்து என்று தட்டி அனுப்பிவிட்டார்.

போன் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க என் நம்பருக்கு மகளை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். நன்றாகவே அடித்தது. சரி, இத்தனை வருடம் வீட்டில் கிடந்தவளை யார் சீந்துவார்கள் என்று மனசு விட்டுப் போனது. அதை யாரிடமும் காட்டாமல் குக்கரை மட்டும் கொஞ்சம் வேகமாக மூடினேன்.

இதற்கு நடுவில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“இன்னைக்கு ஒரு பொம்பளைக்கு விட்டேன் பாரு ஒரு டோஸ்! என் பேரைச் சொல்லி, நீங்க அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க, இன்டர்வியூக்கு வர முடியுமாங்கறா. நான் கவர்ன்மென்ட் சர்வன்ட்டும்மா, எங்கிட்டயே உன் வேலையைக் காட்டறியா, சைபர் கிரைம்ல புடிச்சுக் குடுத்துடுவேன்னேன். கப்சிப். உடனே பிளாக் பண்ணிட்டேன். செம்பாக்கம்தானே சார்னு ஊரைக்கூட கரெக்டா சொல்றா, பார்த்துக்கோ!”

அதோடு விட்டாரா? குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘எச்சரிக்கை: புதுவகை வேலை மோசடி’ என்று ஒரு பக்கத்துக்கு அறிக்கை விட்டார். வரிசையாகக் கும்பிடுகள் விழுந்தன. நானும் என் பங்குக்கு ஒரு கட்டைவிரல் போட்டேன். அந்தக் கட்டைவிரலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் சனிக்கிழமை காலை மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். கிண்டியில், கம்பெனிகளுக்கு ஆள் பொறுக்கிக் கொடுக்கிற அலுவலகத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி இந்தக் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டவள். வீட்டுக்காரர் தோசை மாவு வாங்கப் போயிருந்தார்.

“அக்கா, ஒரு டவுட். ஊரை ஏமாத்தறவன் லோன் தரேன்னு சொல்லுவான், லாட்டரின்னு சொல்லுவான். அண்ணாவைக் கூப்ட்டு எதுக்கு அக்கவுண்ட்ஸ் வேலைன்னு சொல்லணும்? இந்த வீட்ல அக்கவுண்ட்ஸ் நீங்கதானே? உங்க ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்க.”

அனுப்பினேன். அவள் லேப்டாப் எதையும் தேடவில்லை, தன் போனிலேயே திறந்தாள். “தாம்பரத்துல ஏறினா கிண்டி வர்றதுக்குள்ள நான் இப்படித்தான் பார்ப்பேன்கா. ஒரு கை கம்பியில, ஒரு கை போன்ல. முதல் திரையில ஆள் யாருன்னு தெரியலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவேன்.”

முதல் திரையில் பிள்ளையார் சுழி இருந்தது, என் வீட்டுக்காரர் இருந்தார், தண்ணீர்த் தொட்டி இருந்தது. கட்டைவிரலால் தள்ளினாள், தாலுகா வந்தது. இன்னும் தள்ளினாள், புகைப்படம் ஓரத்தில் வெட்டுப்பட்டு, யாரோ ஒருவருடைய கை மட்டும் தெரிந்தது.

“அக்கா, இதுல நீங்க எங்கக்கா இருக்கீங்க?” என்றாள்.

“மேல பாரு, பொடிசா” என்றேன். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கியதும்தான் தெரிந்தேன்.

“சரி, மனுஷங்க பார்க்கறதுக்கு முன்னாடி மெஷின் படிக்கும். அது என்ன படிக்குதுன்னு பார்க்கலாம்” என்று சொல்லி, கீழே எழுதியிருந்த எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு வெற்றுத் திரையில் ஒட்டினாள். ரெஸ்யூம் என்ற சொல் வந்தது. அடுத்து வீட்டுக்காரர் பெயர், பதவி, எண். பிறகு பின்புறம், எதிரில், தாலுகா. என் படிப்பு வந்தது, என் அனுபவம் வந்தது. நான் வரவில்லை. “அந்த ஓரப் பட்டையை நிறைய சாஃப்ட்வேர் எட்டிக்கூடப் பார்க்காதுக்கா. கட்டம் போட்டா குழம்பிக்கும். முதல்ல எந்தப் பேரு, எந்த நம்பர் கிடைக்குதோ அதுதான் அதுக்கு ஆளு.”

கம்பெனியின் தளத்தைத் திறந்து பார்த்தோம். விண்ணப்பித்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். கைபேசி என்ற இடத்தில் அவர் எண். கீழே என்னுடைய பி.காம். ஆக, என் பட்டத்தையும் என் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு, அரசு ஊழியரான என் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் தனியார் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர்களும் மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் சைபர் கிரைமில் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டி அனுப்பியிருக்கிறார்.

மாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் சீந்தவில்லை என்று நினைத்தேனே, தேடித்தான் வந்திருக்கிறார்கள்.

தோசை மாவோடு உள்ளே வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். “ஐயையோ, நான் வெளி வேலைக்கு அப்ளை பண்ணேன்னு டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிஞ்சா மெமோ குடுப்பானே!”

“உங்க மெமோல கொள்ளியை வைக்க! என் இன்டர்வியூ போச்சேன்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில?” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்து மூடியது.

அவர் முகம் விழுந்துவிட்டது. போனை எடுத்து அந்த எண்ணை பிளாக்கிலிருந்து விடுவித்தார், கூப்பிட்டார். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. மின்னஞ்சலில் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஆரம்பித்து, பொருள், பார்வை என்றெல்லாம் அடுக்கினார். மாடிப் பெண் அதை வாங்கி, நடந்த குழப்பத்தைச் சொல்லி இரண்டே வரியாக்கினாள்.

பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து தலைப்பகுதியைப் புதிதாகக் கட்டினோம். கட்டம் போயிற்று, படம் போயிற்று. போன் மாதிரி, கவர் மாதிரி குட்டிப் படங்கள் வைக்கலாமா என்று நான் ஆசைப்பட்டேன். மெஷினுக்கு அதெல்லாம் வெறும் குப்பை என்று அவள் மறுத்துவிட்டாள். பெரிய எழுத்தில் முதல் வரியில் என் பெயர். கீழே, கணக்குப் பிரிவில் என்ன தெரியும் என்று ஒரே வரி. அதற்குக் கீழே, தொட்டால் உடனே அடிக்கிற மாதிரி நாட்டுக் குறியீட்டோடு என் எண், மின்னஞ்சல், ஊர். இதில் எதுவும் அந்த ஓரப் பட்டையில் இல்லை.

“வெறும் ஊரா? தண்ணித் தொட்டியாவது இருக்கட்டுமே, கூரியர்காரன் வந்தா?” என்றார் வீட்டுக்காரர்.

“வேலை கிடைக்கட்டும் அண்ணா, கூரியர்காரனுக்கு நானே வந்து வழி காட்டறேன்.”

பிள்ளையார் சுழியில்தான் அவர் பிடிவாதம் பிடித்தார். அதையே பெயர் என்று மெஷின் எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னதும், விரலால் மேசை மேல் ஒரு சுழி போட்டுக்கொண்டு சமாதானமானார். தன் பெயரையும் எண்ணையும் நாங்கள் சொல்லாமல் அவரே அழித்தார். “இது உன் சமாச்சாரம். நான் குறுக்கே நின்னுட்டேன்” என்றார். எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதியை இரண்டு நாளைக்கு வைத்திருந்தேன்.

திரும்ப ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியாக நான்தான் படித்துப் பார்த்தேன். அவரை மவுஸ் பக்கம் விடவில்லை.

அப்புறம் போன் என் கையோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, “வந்துதா?” என்பார். “நீங்க முதல்ல லைனை விடுங்க!” என்று கத்துவேன். மிரட்டி விரட்டிய வீட்டுக்கு எந்த மகராசி திரும்பக் கூப்பிடுவாள் என்றும் தோன்றும். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

எதிர்முனையில் ஒரு பெண், இனிஷியலோடு என் முழுப் பெயரைச் சொல்லி, நான்தானா பேசுவது என்று கேட்டாள்.

வீட்டில் நான் அம்மா. அவருக்கு ‘இந்தாம்மா’. புகுந்த வீட்டுக்கு அண்ணி, கீரைக்காரருக்கு அக்கா, பள்ளிக்கூடக் குழுவில் இன்னாரோட அம்மா. எல்லாம் பிரியமாகக் கூப்பிடுவதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பெயரை முழுசாகச் சொல்லி, என் வேலைக்காக என்னைத் தேடி ஒருவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தப் பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஹலோ? மேடம் இருக்கீங்களா?” அந்தப் பெண் கொஞ்சம் பயந்த குரலில் கேட்டாள். “இல்ல, இதுவும் சார் நம்பரா?”

“இல்லைங்க, இது என் நம்பர்” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் சிரிப்பையும் அடக்க முடியவில்லை. “நான்தான் பேசறேன். சொல்லுங்க, எப்ப வரணும்?”