நாகூர் கனியின் வலது கால்

தாராவித் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிற மனிதருக்கு அத்தனை சுத்தம் எங்கிருந்துதான் வந்ததோ! நாகூர் கனி ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளுச் செய்து கால் கழுவுவார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் இன்னொரு தரம் கழுவுவார். அந்தச் சுத்தமே அவர் காலுக்கு உலை வைக்கப் பார்த்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம், ஆட்டுத்தோலில் ஒட்டி வந்த முள் ஒன்று வலது பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனார். பாதம் மறக்கவில்லை. மெல்ல வீங்கி, அங்கங்கே கண் திறந்து, சீழ் கசிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு க்ஷயம் என்றார்கள், அடங்காது என்றார்கள், கடைசியில் வெட்டத் தேதியும் குறித்தார்கள். கால் போனால் தொட்டியில் நிற்க முடியாது. வேறு தொழிலும் தெரியாது.

"வெட்டுறது எங்கயும் ஓடிப் போயிராது. அதுக்கு முன்ன மாதுங்கா டாக்டருட்டயும் காட்டிருவோம்" என்று கைவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் மனைவி மெஹராஜ்.

டாக்டர் சங்கரன் பாலக்காட்டுக்காரர். சின்ன கிளினிக், ஒரு மைக்ராஸ்கோப், நிறையப் பொறுமை. வெள்ளைத் துணி சுற்றி வந்த காலை அவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைகள் இருந்தன; சோதித்துப் பார்க்க உள்ளே ஒன்றுமில்லை.

"வரச்சே கால அலம்பிண்டு வந்தேளா?"

"பின்ன? வெந்நி ஊத்தி, பிதுக்கிக் கழுவித்தான் வந்தேன். ஊத்தக் காலப் பெரியவங்க முன்னால நீட்டலாமாய்யா?"

"ஆஸ்பத்திரிக்கும் இப்படியேதான் போனேளா?"

"எப்பவும் இப்பிடித்தான்."

சங்கரன் சிரித்துவிட்டார். "பாய், திருடனை அனுப்பிட்டு போலீஸைக் கூப்பிட்டா எப்படி? கட்டின கட்டோட, அலம்பாம நாளன்னிக்கு வாங்கோ."

தொழுகை என்னாவது என்று கனி பள்ளிவாசலில் கேட்டார். காயக் கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்றார் இமாம். ஆனாலும் நாற்றம் பிடித்த கட்டோடு கைவண்டியில் மாதுங்காவுக்குள் வந்தபோது கூனிக் குறுகிப் போனார்.

டாக்டர் முகம் சுளிக்காமல் அவிழ்த்தார். துணியில் ரவை போல மஞ்சள் மணிகள்; இத்தனை நாளும் வெந்நீரோடு கழுவிப் போனவை. ஒன்றை நசுக்கிக் கண்ணாடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"க்ஷயமில்லை. பாக்டீரியா கூடு கட்டிண்டிருக்கு. காளான் ஜாதியா இருந்தா கத்திதான். இது சல்ஃபா மாத்திரைக்குக் கேட்கலாம். மாசக்கணக்கா முழுங்கணும், நிறையத் தண்ணி குடிக்கணும், நடுவில விடப்படாது."

"கால் தங்குமாய்யா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். பார்க்கலாம்."

இங்கேதான் கனியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மாத்திரை குமட்டியது, சோறு இறங்கவில்லை. வெட்டும் தேதி வந்து போனது. துளைகள் அப்படியே இருந்தன. வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுவேளை மாத்திரையைப் போட்டார். ரம்ஜானிலும் பகலில் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்றபோது மட்டும் அழுதார். நோயாளிக்கு விலக்குண்டு என்று தெரிந்தும் அழுதார். அழுதுகொண்டே குடித்தார். வீரம் என்றால் வேறென்ன?

ஒன்றரை வருஷமாயிற்று. கடைசித் துளையும் வற்றியது. சங்கரன் பாதத்தை அழுத்திப் பார்த்தார். "இனிமே இது உங்க கால்தான், பாய்."

வெளியே கைவண்டியோடு மெஹராஜ் நின்றாள். வீக்கம் மிஞ்சிய நாளிலிருந்து அதில் உட்கார வைத்துத்தான் அவரைத் தள்ளி வந்துகொண்டிருந்தாள். கனி வண்டியின் பிடியை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"ஏறு."

"யாரு, நானா? ரோட்டுல ஆளுக பாப்பாகளே."

"பாக்கட்டும்."

முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அவள் ஏறினாள். உள்ளே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கனிக்குத் தெரியவில்லை. நொண்டி நொண்டி, தாராவி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.